224 தறிகள், 29 பேர்: அகமதாபாத் நெசவுக்கூடச் சோதனையின் வரலாறு

நிறுவன நடத்தை பற்றிய பாடநூல்களில் அகமதாபாத் ஒரு பத்தி அளவுக்கு வந்துபோகிறது. 1953இல் ஏ.கே. ரைஸ் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர் அங்கிருந்த துணி ஆலையொன்றில் தொழிலாளரைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். உற்பத்தித் திறன் உயர்ந்தது. பழுதான துணியின் அளவு குறைந்தது. வேலையிடத்தில் மனிதரை நிர்வகிக்கச் சமூக உளவியல் பயன்பட்டதற்கு இது தொடக்ககாலச் சான்று. இவ்வளவே அந்தப் பத்தி. அடுத்த பத்தியில் ஸ்வீடனும் வால்வோவும் வந்துவிடும்.

இதில் ஒரு திருத்தம் தேவை: குழுக்களைப் பிரித்தவர் ரைஸ் அல்லர், தொழிலாளர்களே. அதைவிடப் பெரியது விடுபட்டுப்போன வரலாறு. அந்தக் குழுக்கள் அமைந்த நெசவுக்கூடத்தின் கதவு யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்ற கேள்வியைப் பாடநூல் எழுப்புவதில்லை.

அகமதாபாத்தில் தொழிலாளர் உறவு என்ற பொருளுக்கு 1953க்கு முன்பே நீண்ட வரலாறு உண்டு. 1918இல் பிளேக் காலத்துச் சிறப்பு ஊதியத்தை ஆலை முதலாளிகள் நிறுத்த முற்பட்டபோது பெரும் போராட்டம் மூண்டது. 35 விழுக்காடு உயர்வு வேண்டும் என்பது தொழிலாளரின் இறுதிக் கோரிக்கை. 20 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது முதலாளிகளின் நிலை. முதலாளிகள் தரப்பின் முன்னணியில் காலிகோ ஆலையின் அம்பாலால் சாராபாய் நின்றார். தொழிலாளர் பக்கம் அவருடைய தமக்கை அனசூயா சாராபாய் நின்றார். மார்ச் மாதம் காந்தி மேற்கொண்ட மூன்று நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் பிரச்சினை நடுவரிடம் சென்றது. நடுவர் ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காட்டுக்கே தீர்ப்பளித்தார். 1920இல் மஜூர் மகாஜன் என்ற தொழிற்சங்கம் உருவாயிற்று. வேலைநிறுத்தத்தைக் கடைசிக் கருவியாகவும் நடுவர் தீர்ப்பை முதல் வழியாகவும் கொண்ட சங்கம் அது. குல்சாரிலால் நந்தா போன்றோர் அங்கே பயின்றே தேசிய அரசியலுக்கு வந்தனர்.

இந்தப் பின்னணி முக்கியமானது. தொழிலாளரோடு பேசித் தீர்க்கும் பழக்கம் அந்நகருக்கு உளவியலாளர் கொண்டுவந்த பரிசு அன்று. முப்பது ஆண்டுகளாகத் தர்க்கமும் தாவாவும் நடந்த மண்ணில்தான் அவர்கள் வந்து இறங்கினர்.

விடுதலைக்குப் பின் அம்பாலாலின் மக்கள் காலம் தொடங்கியது. கௌதம் சாராபாய் காலிகோவின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இளையவரான விக்ரம் சாராபாய், பின்னாளில் விண்வெளித் திட்டத்தோடு பெயர் இணைந்தவர், 1947இல் அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கமான அட்டிராவை உருவாக்குவதில் முன்நின்றார். நூலையும் சாயத்தையும் ஆராய ஏற்பட்ட அந்நிறுவனத்தில் தொடக்கத்திலேயே மனிதரை ஆராயவும் ஒரு பிரிவு அமைந்தது. அதைக் கட்டியெழுப்பியவர் கமலா சௌத்ரி.

கமலா சௌத்ரி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பயின்றவர். தியோடர் நியூகோம்புடன் இணைந்து அவர் 1952இல் வெளியிட்ட கட்டுரை, தலைவர்கள் தம் குழுவினரின் கருத்தைப் பிறரைவிடச் சரியாகக் கணிக்கிறார்களா என்று ஆராய்ந்தது. கணிக்கிறார்கள், ஆனால் அந்தக் குழுவின் நோக்கத்தோடு தொடர்புடைய விஷயங்களில் மட்டுமே என்பது அதன் முடிவு. தலைமை என்பது ஒருவர் எங்கு சென்றாலும் சுமந்து செல்லும் குணம் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு தடை. இக்கட்டுரையை எழுதிய கையோடு ஒருவர் அகமதாபாத் ஆலைகளுக்குள் நடந்தார் என்பதைப் பாடநூல்கள் குறிப்பதில்லை. பின்னர் 1961இல் நிறுவப்பட்ட அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் ஆசிரியரும் அவரே. இந்திய மேலாண்மைக் கல்வியின் தோற்றத்தைப் பேசும்போது ஹார்வர்டின் பெயர் முந்திக்கொண்டு வருவதும் அவர் பெயர் பின்தங்குவதும் வியப்புக்குரியவை.

கௌதம் சாராபாயின் ஆலைக்கு ரைஸ் வந்தது லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பணிபுரிந்த மனநல மருத்துவர்களும் உளவியலாளரும் போருக்குப் பின் அமைத்தது அந்நிறுவனம். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கத் தலைவர் எவரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுக் கவனிக்கும் முறை அவர்களுடைய போர்க்கால அனுபவங்களுள் ஒன்று. கர்ட் லெவினின் அமெரிக்க மையத்தோடு சேர்ந்து 1947 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்விதழ், ஆய்வுக்கூடத்துக் குழு உளவியலைத் தொழிற்சாலை நோக்கித் திருப்பியது.

அதற்கு முன் இத்துறையில் ஆதிக்கம் செலுத்தியது சிகாகோ அருகிலிருந்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளும் அவற்றுக்கு எல்டன் மேயோ தந்த விளக்கமும் ஆகும். தொழிலாளியின் மனநிலையையும் சக தொழிலாளரோடு அவருக்குள்ள பிணைப்பையும் கவனித்தால் உற்பத்தி பெருகும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். இயந்திரமும் வேலைப் பகிர்வும் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக அங்கே நின்றன. டாவிஸ்டாக் குழுவினர் இதில் மாறுபட்டனர். எரிக் டிரிஸ்ட்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினர். புதிய இயந்திர முறை, ஒன்றாக உழைத்த சிறு குழுக்களைச் சிதைத்து, ஒவ்வொரு ஷிப்டையும் அடுத்த ஷிப்ட்டின் எதிரியாக்கிவிட்டது என்று காட்டினர். தொழில்நுட்ப அமைப்பையும் சமூக அமைப்பையும் ஒன்றாகவே வடிவமைக்க வேண்டும் என்ற கோட்பாடு அதிலிருந்து பிறந்தது. அதைப் புதிதாக ஓரிடத்தில் செய்துபார்க்கும் வாய்ப்பு அகமதாபாத்தில் வாய்த்தது.

காலிகோ நிறுவனத்தின் ஜூபிலி ஆலையில் 1952இல் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டிருந்தன. தறிகள் நல்லவை, ஆயினும் எதிர்பார்த்த விளைச்சல் இல்லை. சோதனைக் கூடத்தில் 224 தறிகள். ஒரு ஷிப்ட்டுக்கு 29 தொழிலாளர். அவர்களுக்குள் 12 வகையான வேலைகள். நெசவாளர் ஒருவருக்கு 24 அல்லது 32 தறிகள். ஊடை நூல் சுற்றிய பாபின்களைத் தறியில் நிரப்புபவருக்கு 40 முதல் 50 தறிகள். பாவு நூல்கள் கொத்தாக அறுந்தால் அவற்றைச் சரிசெய்பவருக்குச் சுமார் 75. பாவு உருளையை ஏற்றுபவர், ஜாபர், பழுது பார்ப்பவர் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் 112. எண்ணெய் இடுபவருக்கும் துப்புரவு செய்பவருக்கும் கூடம் முழுவதும்.

இதில் என்ன குறை? தனித்தனியே பார்த்தால் எதுவும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டே பொறியாளர்கள் இந்த எண்களை வகுத்திருந்தனர். ரைஸ் அதே கணக்கை நெசவாளரின் இடத்தில் நின்று போட்டுப் பார்த்தார். சராசரியாக 28 தறிகளைக் கவனிக்கும் நெசவாளர், பாபின் நிரப்புபவரில் எட்டில் ஐந்து பங்கையும் பாவைச் சரிசெய்பவரில் எட்டில் மூன்று பங்கையும் நம்பி வேலை செய்கிறார். மனிதரில் எட்டில் மூன்று பங்கோடு எவரும் உறவு கொள்ள இயலாது. இந்த நெசவாளருக்கு உதவும் அதே ஆள் பக்கத்து நெசவாளருக்கும், அவருக்கு அப்பாலுள்ளவருக்கும் கடன்பட்டவர். யாருடைய தறி முதலில் என்ற சச்சரவைத் தீர்க்கக் கூடத்தில் பொதுவான அணி ஒன்றும் இல்லை. 29 பேர் கொண்ட அந்தக் கூட்டம் குழுவாக இருக்கவில்லை. எல்லாச் சச்சரவும் மேற்பார்வையாளரிடம் சென்று நின்றது. அவரோ எல்லா இடத்துக்கும் ஓடினார்.

இந்தப் பின்னக் கணக்கு அவர் எழுத்திலேயே மிக நேர்த்தியான பகுதி. உளவியல் கோட்பாடு எதையும் முன்வைக்காமல், தறிகளின் எண்ணிக்கையை வகுத்தே உறவின் சிக்கலைக் காட்டிவிடுகிறது. மேலாண்மை மாணவர் இன்றும் ஒரு மருத்துவமனைப் பிரிவிலோ அழைப்பு மையத்திலோ இதைச் செய்துபார்க்கலாம்.

மாற்று ஏற்பாடு எளிது. ஏறத்தாழ ஏழு பேர் கொண்ட குழு ஒன்று 64 தறிகளுக்கு எல்லாப் பணிகளையும் சேர்ந்து பொறுப்பேற்பது, குழுவுக்குள் ஒருவர் வேலையை மற்றவர் செய்யலாம், படிநிலைகள் குறையும், குழுவுக்குள்ளிருந்தே தலைவர். ரைஸ் இக்கருத்தை நிர்வாகத்திடமும் மேற்பார்வையாளரிடமும் முன்வைத்தார். அது தொழிலாளரை எட்டியதும் நடந்தது எவரும் திட்டமிடாதது. ஆலோசகரும் மேலாளரும் விவரங்களை வகுத்து முடிக்கும் முன்பே, மிகக் குறைந்த காலத்துக்குள், யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளரே முடிவு செய்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். தாம் முன்வைத்த கருத்தைவிட அது ஏற்கப்பட்ட வேகமே ரைஸை வியக்க வைத்தது.

இந்த வேகத்தைப் பெரும்பாலானோர் கோட்பாட்டின் வெற்றியாக வாசித்தனர். சிறுகுழுவுக்கான ஏக்கம் மனிதருக்கு இயல்பு. தடை நீங்கியதும் அது மலர்ந்தது என்பது அந்த வாசிப்பு. மற்றொரு வாசிப்பும் உண்டு. யாரை நம்பலாம், யார் அவசரத்தில் கைகொடுப்பார், யாரோடு நீர் அருந்தலாம் என்பதெல்லாம் அத்தொழிலாளருக்கு முன்பே தெரியும். புதிய குழு என்பது பழைய அறிவின் மேல் எழுந்தது. இரண்டாவது வாசிப்பே கூடுதல் விளக்கம் தருவதாகத் தோன்றுகிறது. அது எழுப்பும் கேள்விகளும் சங்கடமானவை.

முதலில் விளைவுகள். தொடக்கத் தள்ளாட்டத்துக்குப் பின் திறன் உயர்ந்து நிலைபெற்றது, பழுது குறைந்தது. முறை பிற கூடங்களுக்கும், தானியங்கி அல்லாத தறிகளுக்கும் விரிந்தது. 1958இல் ரைஸின் நூல் வெளிவந்ததும் அகமதாபாத் உலகப் பெயராயிற்று. ஐயங்களும் எழுந்தன. 1969இல் எஸ்.கே. ராய் இந்தியத் தொழில் உறவுகள் ஆய்விதழில் ரைஸின் முறையியலை மறு ஆய்வு செய்தார். 1978இல் ஜான் கெல்லி, குழு அமைப்பு மாறிய அதே காலத்தில் ஊதிய ஏற்பாடும் மாறியதே என்று சுட்டினார். ஒரே நேரத்தில் பல மாறிகள் அசைந்தால், உயர்வுக்கு உளவியலை மட்டும் காரணமாக்குவது எப்படி? நியாயமான கேள்வி. ஊதியம் கூடியதால் உழைப்பு கூடியது என்ற எளிய விளக்கத்தை முதலில் விலக்கிவிட்டே சிறுகுழுவின் மாயத்தைப் பேச வேண்டும். ரைஸின் தரவுகள் அவ்வாறு விலக்கப் போதா.

ஆயினும் கெல்லியின் விமர்சனமும் கூடத்துக்கு உள்ளேயே நிற்கிறது. அகமதாபாத்தின் ஆலைகளில் நெசவுக்கூடம் எல்லோருக்குமான இடமாக இருந்ததில்லை. நெசவு, முஸ்லிம்கள் கையிலும் சாதி இந்துக்கள் கையிலும் இருந்தது. தலித் தொழிலாளர் நூற்புப் பிரிவில் நிறுத்தப்பட்டனர். நெசவாளரைவிடக் குறைந்த ஊதியம் அங்கே. இதற்குச் சொல்லப்பட்ட காரணம் தொழில்நுட்பத்தோடு பின்னிப் பிணைந்தது. பழைய விசைத்தறியில் ஊடை நூல் தீர்ந்ததும் நாடாவில் புதிய நூலைக் கோக்க வேண்டும். நாடாவின் துளையில் வாய் வைத்து நூல் நுனியை உறிஞ்சி இழுப்பதே வழக்கம். ஒருவர் வாய் பட்ட நாடா அடுத்தவர் வாய்க்கும் வரும். தலித் ஒருவரின் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார் என்பதால் நெசவுக்கூடத்தின் கதவு அவர்களுக்கு அடைக்கப்பட்டது. காந்தியின் ஆசி பெற்ற சங்கம்கூட பிரிவு வாரியான சங்கங்களின் கூட்டமைப்பாகவே வளர்ந்தது. பிரிவு எங்கே முடிகிறதோ பெரும்பாலும் அங்கேயே சாதியும் முடிந்ததால், நூற்பாளர் சங்கமும் நெசவாளர் சங்கமும் தனித்தனியே நின்றன.

தானியங்கித் தறியின் சிறப்பு என்ன? தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்த பாபினை வெளியே தள்ளிப் புதியதை ஏற்றும்; அதன் நாடா நூலைத் தானே கோத்துக்கொள்ளும். வாய் வைக்கும் தேவையே இல்லை. தீண்டாமைக்குச் சொல்லப்பட்ட தொழில்நுட்பக் காரணம் 1952இல், அந்த 224 தறிகளோடு, ஜூபிலி ஆலையில் மறைந்துவிட்டது. தொழில்நுட்பமும் சமூக அமைப்பும் ஒன்றையொன்று தீர்மானிக்கும் என்று நிறுவ வந்த கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது. ரைஸின் கோட்பாட்டுக் கட்டமைப்பிலோ பணியின் முழுமை, குழுவின் அளவு, எல்லை, தன்னாட்சி ஆகியவையே தூண்கள். சாதி அவற்றுள் ஒன்று அன்று. கூடத்தின் எல்லைக்குள் யார் யாரோடு சேர்கிறார்கள் என்று நுணுகிக் கண்ட கண், அந்த எல்லையை வரைந்த கை எது என்பதை ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவரவில்லை. தாமே துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, ஏற்கெனவே வடிகட்டப்பட்டோரிடையே வழங்கப்பட்ட உரிமை.

குறையை ரைஸ் ஒருவர் தலையில் ஏற்றுவது சரியன்று. கோட்பாட்டை ஏற்றுப் பரப்பிய மூன்று கண்டங்களின் வாசகர்களும், இந்திய மேலாண்மைப் பாடநூல் ஆசிரியர்கள் உட்பட, அதே கண்ணாடியையே அணிந்திருந்தனர். அமெரிக்கப் பாடநூலின் பத்தியை இந்தியப் பாடநூல் அப்படியே பெயர்த்தபோது, அகமதாபாத் என்ற பெயர் இருந்தது, அகமதாபாத் இல்லை.

1970இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அக்கூடங்களுக்குத் திரும்பிச் சென்றார். புகழ்பெற்ற சோதனைகளுக்கு இத்தகைய மறுபார்வை அரிது, அதுவே பாராட்டுக்குரியது. 1975இல் வெளியான அவர் அறிக்கையின்படி, ஒரு கூடத்தில் குழு முறை ஏறத்தாழ அப்படியே பதினாறு ஆண்டுகள் நிலைத்திருந்தது. பிற இடங்களில் அது வெவ்வேறு அளவில் தேய்ந்து, பழைய தனிமனித வேலைப் பகிர்வுக்குத் திரும்பியிருந்தது. நிலைத்த கூடத்தைச் சுற்றிய சூழல் பெரிதும் மாறாதிருந்தது. மற்றவற்றில் சந்தையும் நூலும் துணி வகையும் மாறிக்கொண்டே இருந்தன. நெருக்கடி வந்தபோதெல்லாம் மேற்பார்வையாளர் குழுவின் எல்லைக்குள் நுழைந்தார். ஒருமுறை நுழைந்தவர் திரும்பவில்லை.

இங்கேதான் அட்டிராவின் மறக்கப்பட்ட கட்டுரை ஒன்று நினைவுக்கு வரவேண்டும். கமலா சௌத்ரியும் ஏ.கே. பாலும் 1957இலேயே இரண்டு ஆலைகளை ஒப்பிட்டு, உற்பத்தித் திட்டத்துக்கும் தொழிலாளர் மனநிலைக்கும் உள்ள தொடர்பை எழுதியிருந்தனர். எந்தத் துணியை எவ்வளவு காலம் நெய்வது என்ற முடிவு விற்பனை அறையில் எடுக்கப்படுகிறது. அதன் சுமை தறியருகே நிற்பவர்மீது இறங்குகிறது. துணி வகையை அடிக்கடி மாற்றும் ஆலையில் மேற்பார்வையாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே உரசல் மிகும். அது எவருடைய குணக்கேடும் அன்று. மில்லர் 1970இல் கண்டதன் விதை இதில் உள்ளது. மனிதரை நிர்வகிப்பது பற்றிய அறிவு, மனிதரைவிட ஆணைப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும் என்று இந்திய ஆய்வாளர் இருவர் சொன்னார்கள். மேற்கோள் பட்டியல்களில் ரைஸுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மில்லர் வந்ததற்கு முந்தைய ஆண்டு, 1969 செப்டம்பரில், அகமதாபாத்தில் பெரும் மதக் கலவரம் நடந்து ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைத் தாக்கியிருந்தது. ஒரே ஆலையில் வேலை செய்தோர் வெவ்வேறு சால்களிலும் தெருக்களிலும் வாழ்ந்தனர் என்பது அப்போது உயிர்ப் பிரச்சினையாயிற்று. அதே 1969இல் எரிக் எரிக்சனின் காந்தி பற்றிய நூலும் வெளிவந்தது. சாராபாய் குடும்பத்தின் விருந்தினராக அகமதாபாத்துக்கு வந்த அந்த உளப்பகுப்பாய்வாளர், 1918 போராட்டத்தையே தம் நூலின் மையமாக்கினார். அந்நகரின் ஆலைகளைப் பற்றி உலகம் போற்றிய உளவியல் நூல்கள் இரண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தின் வாசல் வழியே நுழைந்தவை.

1980களிலும் 1990களிலும் அகமதாபாத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. விசைத்தறிப் பட்டறைகளுக்கு வேலை நகர்ந்தது. அங்கே சங்கமும் இல்லை, குழு முறை பற்றிய ஆலோசகரும் இல்லை. காலிகோவும் 1990களில் முடிவுக்கு வந்தது. வேலையிழந்தோரின் பின்வாழ்வை யான் பிரெமன் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார். நெசவுக்கூடத்தில் நின்ற முஸ்லிமும் நூற்புப் பிரிவில் நின்ற தலித்தும் கடைசியில் ஒரே தினக்கூலிச் சந்தையில், ரிக்‌ஷாவோடும் தள்ளுவண்டியோடும், போட்டியாளராக நின்றனர் என்பது அவர் காட்டும் காட்சி. ஆலை வாசலில் இருந்த பலவீனமான உறவும் சங்கத்தின் வழியே இருந்த தொடர்பும் அற்றுப்போன பின், 2002இன் வன்முறை அந்தப் பழைய ஆலைப் பகுதிகளில் எவ்வளவு கடுமையாக வெடித்தது என்பதையும் அவர் அதனோடு இணைத்தே எழுதினார்.